சன்னாசிக்கு நான் வாசிக்காத மூன்றாவது ஷரத்து

மல்லிகா, தனபாலா, இதை இரண்டு பேரும் சேர்ந்து படியுங்கள். மல்லிகா மட்டும் இரண்டு முறை படிக்கட்டும்.

மல்லிகா, நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளர் வேலை கிடைத்த கடிதத்தை நீ காட்டியபோது நான் பெண்டஹாரா சாலைக்குப் போய் லட்டு வாங்கி வந்தேன். எல்லாரும் சிரித்தோம். "அப்பா, நீங்களும் முப்பது வருஷம் இதே வேலதானே செஞ்சீங்க, எனக்கு ஏதாவது சொல்லிக் கொடுங்க" என்று கேட்டாய். லட்டு வாயில் இருந்ததால் பேசாமல் இருந்தேன் என்று நினைத்திருப்பாய். அதனால் இல்லை. வாயால் சொல்ல வராததை எழுதிப் பார்க்கிறேன். எனக்குப் பெரிய படிப்பு இல்லை. தமிழில் ஆறு வகுப்பு, பிறகு மிஷன் பள்ளியில் ஆங்கிலம் ஏழு வகுப்பு. தப்பும் தவறுமாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் ஜப்பான்காரன் காலம் முடிந்ததும் மலாக்கா பண்டார் ஹிலிரில் ஒரு லாயர் ஆபீசில் கிராணியாகச் சேர்ந்தேன், குமாஸ்தா வேலை. முதல் மூன்று வருடம் முத்திரைத்தாள் வாங்குவது, கோர்ட்டில் பத்திரம் கொடுத்து ரசீது வாங்குவது, டைப் அடிப்பது. பிறகு தமிழ்க் கட்சிக்காரர்களுக்கு ஆங்கிலப் பத்திரத்தை வாசித்து விளக்கும் வேலை. அந்தக் காலத்தைப் பற்றி இதற்கு மேல் எழுத ஒன்றுமில்லை.

என் முதலாளி மிஸ்டர் சியா. மலாக்காவிலேயே ஏழெட்டுத் தலைமுறையாக இருக்கும் பாபா சீனர் குடும்பம். வீட்டில் மலாய், ஆபீசில் ஆங்கிலம், சீனத்தில் தன் பெயரை மட்டும் எழுதுவார். குரல் உயர்த்தமாட்டார். கட்சிக்காரர் நின்றுகொண்டிருந்தால் அவரும் நின்றுகொண்டே இருப்பார். தோட்டத்து ஆட்கள் நாற்காலியில் உட்காரக் கூச்சப்படுவார்கள் இல்லையா, அதனால் சில நாள் காலை முழுக்க அவர் நின்றபடியே வேலை பார்த்ததை நான் பார்த்திருக்கிறேன். கடைசியில் அவருக்குக் கால் வலிக்குமே என்று கட்சிக்காரரே உட்கார்ந்துவிடுவார்.

பத்திரம் வாசிப்பதில் அவர் வைத்திருந்த முறை ஒன்று உண்டு. மற்ற ஆபீசுகளில் கிராணி கடகடவென்று சொல்லி, "வெளங்குச்சா?" என்பான், அவர்கள் தலையாட்டுவார்கள், கைநாட்டு வாங்கிவிடுவான். எங்கள் ஆபீசில் அது நடக்காது. ஒரு மர ரூலரை ஷரத்தின் கீழே வைக்கவேண்டும். அந்த ஒரு ஷரத்தை மட்டும் தமிழில் சொல்லவேண்டும். பிறகு கட்சிக்காரர் அதைத் தன் சொந்த வார்த்தையில் திருப்பிச் சொல்லவேண்டும். அவர் சொன்னதை நான் ஆங்கிலத்தில் மிஸ்டர் சியாவுக்குச் சொல்லவேண்டும். அவர் தலையாட்டினால்தான் ரூலர் அடுத்த ஷரத்துக்கு இறங்கும். கடைசியில் கைநாட்டு. அதன் கீழே, "மேற்கண்டதை நான் இவருக்குத் தமிழில் உண்மையாக வாசித்து விளக்கினேன், இவர் புரிந்துகொண்டதாகத் தெரிகிறது" என்ற வரி. அதன் கீழே என் கையெழுத்து.

ஏன் இவ்வளவு என்று ஒரு தடவை கேட்டேன். அவர் முன்பு வேலை பார்த்த ஆபீசில் ஒரு விதவை, வீட்டை வாடகைக்கு விடுவதாக நினைத்து விற்றுவிட்டாளாம். "அவள் தலையை ஆட்டினாள். நான் பார்த்தேன். தலையாட்டலை நம்பியது என் குற்றம்" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

இனி சன்னாசி.

நாடு சுதந்திரம் அடைவதற்கு முந்தைய வருடம் அவர் எங்கள் ஆபீசுக்கு வந்தார். அவசரகாலச் சட்டம் நடந்துகொண்டிருந்தது. காட்டில் இருக்கும் கம்யூனிஸ்டுகளுக்குச் சாப்பாடு போய்விடக்கூடாது என்று கடைக்காரன் பால் டின் விற்றால் அங்கேயே ஓட்டை போட்டுத்தான் கொடுக்கவேண்டும். ஓட்டை போட்ட பாலை வைத்திருக்க முடியாது, அன்றன்றைக்குத் தீர்க்கவேண்டும், அதற்காக. சன்னாசி ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டுகிற ஆள். கைக்குழந்தைக்காக டவுனில் ஒரு டின் வாங்கி வந்தார். கடைக்காரன் ஓட்டை போட மறந்துவிட்டான். தோட்டத்து கேட்டில் சோதனை போட்டவர்கள் பிடித்துக்கொண்டார்கள்.

ரிமாண்டில் ஒரு சிறையில் வைத்தார்கள். எந்தச் சிறை என்று நான் எழுதப்போவதில்லை. மலாக்காவில் இல்லை, அவ்வளவு போதும். அங்கே காலையில் கைதிகளைக் குந்தவைத்து எண்ணுவார்கள். ஒரு நாள் வயிற்றுப்போக்கு. எண்ணி முடிவதற்குள் சன்னாசி எழுந்துவிட்டார். மூன்று வார்டர்கள் சேர்ந்து அடித்தார்கள். கீழே விழுந்த பிறகும் அடித்தார்கள். தலைக்கு வந்த தடியைத் தடுக்க வலது கையைத் தூக்கினார், மணிக்கட்டு உடைந்தது. அதைச் சரியாகக் கட்டவும் இல்லை, கோணலாகவே ஒட்டிக்கொண்டது. கட்டைவிரல் உள்ளே மடங்கி நின்றுவிட்டது.

பிறகு கடைக்காரன் வந்து தன் மறதியை ஒத்துக்கொண்டான். சன்னாசியை விட்டுவிட்டார்கள். ஆனால் சிறைப் புத்தகத்தில் எழுதியிருந்தது வேறு. கைதி வார்டர்மேல் கை ஓங்கினான், அடக்கும்போது விழுந்து கை முறிந்தது என்று. அந்தச் சேதி அவருக்கு முன்னாலேயே தோட்டத்துக்குப் போய்விட்டது. துரை அவரைத் திரும்பச் சேர்க்கவில்லை. வெட்டுக்கத்தி பிடிக்க முடியாது, சரி, ராத்திரிக் காவலுக்கு ஜாகா வேலையாவது கேட்டார். அதிகாரிமேல் கை ஓங்குகிறவனுக்குத் தோட்டத்தில் இடமில்லை என்று சொல்லிவிட்டார்கள். அதே தோட்டத்தில் மச்சான் வீட்டு லயத்தில் ஒரு மூலையில், பெண்டாட்டி பேச்சாயியோடும் குழந்தையோடும் ஒட்டிக்கொண்டிருந்தார்.

மிஸ்டர் சியா சர்க்கார்மேல் நஷ்டஈட்டு வழக்குப் போட்டார். அந்தக் காலத்தில் அப்படிப் போடுகிறவர்கள் குறைவு. ஆபீசுக்கு வந்துபோகிற மற்ற கிராணிகள் என்னைக் கேலி செய்வார்கள். "என்னா கிராணியாரே, ஒங்க முதலாளி வெள்ளக்காரன் போறதுக்குள்ள அவன்கிட்ட பில்லு போட்டு வாங்கிரணும்னு பாக்குறாரா?"

வழக்கு நாளுக்கு நாள் இளைத்தது. சிறையில் பக்கத்தில் குந்தியிருந்து எல்லாவற்றையும் பார்த்த ஒரு சீனத் தச்சர்தான் எங்களுக்கு ஒரே சாட்சி. விடுதலையான பிறகு அவரைக் கண்டுபிடிக்கவே முடியவில்லை. டாக்டர் சீட்டில், விழுந்ததாலும் இப்படி முறியலாம் என்று இருந்தது. அப்போதுதான் சர்க்கார் தரப்பு ராஜிக்கு வந்தது. ஒரு தொகை கொடுக்கிறோம், வழக்கை வாபஸ் வாங்கிக்கொள்ளுங்கள் என்று. அவர்கள் அனுப்பிய ராஜிப் பத்திர நகலில் மூன்றாவது ஷரத்து, "இத்தொகை எந்தத் தவறையும் ஒப்புக்கொண்டு கொடுக்கப்படுவதல்ல. வார்டர்கள் தம் கடமையை மீறி நடந்ததாகக் கூறப்படுவது மறுக்கப்படுகிறது."

ரூலரை வைத்து அதை உள்ளபடி சன்னாசிக்குச் சொன்னேன். அந்த முதல் தடவை உள்ளபடிதான் சொன்னேன்.

அவர் கொஞ்ச நேரம் தன் கோணக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"காசு வேணாம்னு சொல்லலீங்க. காசு வேணும். நான் என்ன பண்டாரமா?" என்றார். "ஆனா நான் கை ஓங்கலன்னு ஒரு வரி எழுதச் சொல்லுங்க கிராணி ஐயா. ஒரே ஒரு வரி. அத காட்டுனா தொர எனக்கு ஜாகா வேல குடுப்பாரு. காசு எத்தன மாசத்துக்கு வரும்?"

மிஸ்டர் சியாவுக்குச் சொன்னேன். அவர், "நியாயம்" என்றார். அந்த வரியைக் கேட்டுக் கடிதம் எழுதினார். இரண்டு மாதம் கழித்துப் புது நகல் வந்தது. தொகை கொஞ்சம் கூடியிருந்தது. வார்த்தைகள் மெருகாக இருந்தன. ஆனால் மூன்றாவது ஷரத்து அதே இடத்தில், அதே பொருளில் உட்கார்ந்திருந்தது.

"அவர் கேட்ட வரி இதில் இல்லை" என்றார் மிஸ்டர் சியா என்னிடம். "நன்றாக விளக்கு. வழக்குக்குப் போனால் தோற்போம் என்றும் சொல். ஆனால் அவர் வேண்டாம் என்றால் வேண்டாம்தான். புரிந்ததா?"

புரிந்தது. நன்றாகவே புரிந்தது. என் முதலாளி என்னை எதற்கும் தூண்டவில்லை. இதை நீங்கள் ஞாபகம் வைத்துக்கொள்ளவேண்டும்.

கைநாட்டு வைக்கும் நாள் காலையில் நான் சைக்கிளை நிறுத்திவிட்டு வரும்போது ஆபீசுக்குக் கீழே அஞ்சடியில், கடை வாசல் தூணோரம், பேச்சாயி குழந்தையோடு நின்றுகொண்டிருந்தாள். சன்னாசி காப்பி குடிக்கப் போயிருந்தார்.

"கிராணி ஐயா, எப்படியாவது இன்னிக்கிக் கைநாட்டு வாங்கிருங்க. அவரு பேச்சக் கேக்காதீங்க" என்றாள். "எங்கண்ணன் பொண்டாட்டி நேத்து சட்டிய எடுத்து வெளிய வச்சிருச்சு. புள்ளைக்கு வெறும் கஞ்சித் தண்ணி. இவரு வரி வரிங்குறாரு. வரிய வச்சு சோறாக்க முடியுமா?"

"அம்மா, நான் வாசிக்கிறவன்தான். முடிவு அவருது."

"நீங்க வாசிக்கிறதுலதான எல்லாம் இருக்கு" என்றாள்.

அவள் வேறெதையும் நினைத்துச் சொன்னதாக எனக்குத் தோன்றவில்லை. நான்தான் அதைப் படியேறும்போது தூக்கிக்கொண்டு போனேன். அந்தக் குழந்தை உன்னை விடச் சின்னது மல்லிகா, ஒரு வயது தாண்டியும் எழுந்து நிற்க வலுவில்லை.

உள்ளே மிஸ்டர் சியா, சன்னாசி, நான். சன்னாசி நின்றார், அதனால் மூவரும் நின்றோம். ரூலரை முதல் ஷரத்தில் வைத்தேன். வாசித்தேன், அவர் திருப்பிச் சொன்னார், நான் ஆங்கிலத்தில் சொன்னேன், தலையாட்டல். இரண்டாவது, தொகை. அதுவும் அப்படியே. ரூலர் மூன்றாவதுக்கு இறங்கியது.

நான் என்ன சொன்னேன் என்பது ஒவ்வொரு எழுத்தும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. "இதோட இந்த விஷயம் முடிஞ்சிது. இனிமே ரெண்டு பக்கமும் ஒருத்தர ஒருத்தர் குத்தம் சொல்லக்கூடாது." அதுதான் நான் சொன்னது. ஆறாவது ஷரத்தில் அப்படி ஒன்று உண்மையாகவே இருந்தது, இரண்டு தரப்பும் மேற்கொண்டு வழக்காடக்கூடாது என்று. அதை எடுத்து மூன்றாவது இடத்தில் வைத்துவிட்டேன். பொய் சொல்கிறோம் என்று தோன்றவில்லை. புண்ணியம் செய்கிறோம் என்று தோன்றியது. ஒரு குழந்தைக்குப் பால் வாங்கிக் கொடுக்கிறோம் என்று.

சன்னாசி முகம் மெல்லத் தெளிந்தது. அதைப் பார்த்தபோதாவது நான் நிறுத்தியிருக்கவேண்டும்.

"அப்ப நான் கை ஓங்குனேன்னு இனிமே யாரும் சொல்ல முடியாது. அதான ஐயா?" என்றார்.

நான், "ஆமா" என்றேன்.

"என்ன சொல்கிறார்?" என்றார் மிஸ்டர் சியா.

"புரிந்துவிட்டது என்கிறார் சார்."

"அவர் வார்த்தையையே சொல்."

"ஒருவரை ஒருவர் இனிக் குற்றம் சொல்லக்கூடாது என்கிறார்."

மிஸ்டர் சியா என்னை ஒரு கணம் பார்த்தார். பிறகு சன்னாசியைப் பார்த்து மலாயில் நேராகவே, "பெத்தூல்?" என்று கேட்டார். சரிதானா என்று. சந்தை மலாய் மீன் வாங்கப் போதும், ஷரத்து விளக்கப் போதாது. சன்னாசி பல்லெல்லாம் தெரிய, "பெத்தூல், துவான்" என்றார். அவரைப் பொறுத்தவரை அது உண்மைதான்.

மிஸ்டர் சியா தலையாட்டினார். ரூலர் இறங்கியது.

எங்கள் ஆபீசில் வலது கட்டைவிரல் வைப்பது வழக்கம். மை பேடைத் திறந்தேன். அவர் விரல் மடங்கியிருந்ததால் காகிதத்தில் தட்டையாகப் பதியவில்லை. ஒரு முறை வைத்தது வெறும் கறையாக விழுந்தது. "நீங்களே புடிச்சு வைங்க ஐயா, எனக்கு இது வணங்க மாட்டேங்குது" என்றார். நான் அந்த விரலைப் பிடித்து, வலிக்காமல் விரித்து, காகிதத்தின்மேல் இடமிருந்து வலமாக உருட்டினேன். ரேகை விழுந்தது. அதன் கீழே நான் உண்மையாக வாசித்து விளக்கினேன் என்ற வரி. அதன் கீழே என் கையெழுத்து. அன்று என் எழுத்து மிக அழகாக இருந்தது.

பேச்சாயி அஞ்சடியில் என்னைப் பார்த்துக் கும்பிட்டாள். சன்னாசி தன் நகலை எண்ணெய்த் தாளில் சுற்றி இடுப்பில் செருகிக்கொண்டார். "பட்டயம் மாதிரி பத்திரமா வச்சுக்கணும்" என்று சிரித்தார்.

மூன்று வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் காஜா பேராங்கில் நம் வீட்டுக்கு வந்தார். வழி கேட்கவே அவருக்கு ஒரு மணி நேரம் ஆகியிருக்கிறது. கோயில் பக்கம் விபூதி பூசி நின்ற, தலைமுறையாக மலாய்தான் பேசும் மலாக்காச் செட்டிகளிடம் தமிழில் கேட்டிருக்கிறார், அவர்கள் மலாயில் பதில் சொல்லியிருக்கிறார்கள். "பாத்தா நம்ம ஆளுங்க மாதிரியே இருக்காங்க, பேச்சு மட்டும் வேற. எனக்கு இப்ப எதப் பாத்தாலும் அப்படித்தான் இருக்கு" என்றார். குத்திக் காட்டச் சொல்லவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னார்.

மல்லிகா, நீதான் அவருக்குச் செம்பில் தண்ணீர் கொண்டு வந்து கொடுத்தாய். அவர் வலது கையை நீட்டாமல் இடது கையால் வாங்கினார். "ஏம்பா இந்த மாமா பீச்சாங்கையால வாங்குறாரு?" என்று நீ கேட்டாய். உன் அம்மா உன்னை உள்ளே இழுத்துக்கொண்டாள்.

நடந்ததை அவர் சொன்னார். விடியற்காலையில் பெரட்டுக்கு, ஆள் பேர் கூப்பிடும் களத்துக்கு, எல்லாரும் கூடியபோது தன் பத்திரத்தை எடுத்துக்கொண்டு போயிருக்கிறார். துரைக்கு முன்னால், கங்காணி மண்டோருக்கு முன்னால், எல்லா ஆட்களுக்கும் முன்னால், தோட்டத்துக் கிராணியிடம் நீட்டி, "மூணாவது ஷரத்த மட்டும் சத்தமா வாசிங்க சாமி" என்று கேட்டிருக்கிறார்.

அந்தக் கிராணி நேர்மையானவர். உள்ளபடி வாசித்து, உள்ளபடி தமிழில் சொல்லிவிட்டார். சர்க்கார் எந்தத் தப்பையும் ஒத்துக்கொள்ளவில்லை, வார்டர்கள் செய்தது சரியில்லை என்பதை மறுக்கிறார்கள் என்று.

"எல்லாரும் கேட்டுக்கிட்டுத்தான் நின்னாங்க" என்றார் சன்னாசி. "அப்பறம் பின்னாடி எவனோ ஒருத்தன், 'என்னா சன்னாசி, பட்டயம்னு கொண்டாந்த, பால் டின்னுல ஒட்டுற பேப்பரா இருக்கு'ன்னான். எல்லாம் சிரிச்சானுங்க. தொர கூட சிரிச்சாரு, அவருக்குத் தமிழ் தெரியும்."



அவர் இடுப்பிலிருந்து எண்ணெய்த் தாளை எடுத்துப் பிரித்து என் முன்னால் வைத்தார். "அந்தக் கிராணி தப்பா வாசிச்சிருப்பாருன்னு பேச்சாயி சொன்னா. நானும் அப்படித்தான் நெனச்சேன். நீங்க வாசிங்க ஐயா."

அவர் அதை நம்பித்தான் வந்தாரா, தெரிந்தேதான் வந்தாரா, இன்று வரை எனக்குத் தெரியாது. ரூலர் இல்லை. விரலை வைத்து வாசித்தேன். இந்த முறை ஒரு வார்த்தை விடாமல் வாசித்தேன்.

முடிந்ததும் அவர் பழக்கப்படி திருப்பிச் சொன்னார். ஆபீசில் ஒவ்வொரு முறையும் சொல்லச் சொல்லி நான்தானே பழக்கியிருந்தேன். "அடிச்சதுக்கு ஆள் இல்ல. அடி பட்டதுக்குத்தான் ஆள் இருக்கு. அப்படித்தான ஐயா?"

"ஆமா" என்றேன். அன்று சொன்ன அதே வார்த்தை.

"பேச்சாயி உங்ககிட்ட ஏதாச்சும் சொன்னாளா?"

"இல்ல." இதுவும் பொய்தான். ஆனால் இந்தப் பொய்க்காக நான் வருந்தவில்லை.

அவர் காகிதத்தை மடித்தார். ஒரு கையால் மடிக்க நேரமாயிற்று. நான் உதவக் கை நீட்டினேன். "வேணாங்க" என்றார். என்னைத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். வாசலில் செருப்பைப் போடும்போது, "நீங்க அன்னிக்கே சரியா சொல்லியிருந்தா நான் கைநாட்டு வச்சிருக்க மாட்டேன். வழக்குல தோத்திருப்பேன். தோத்துட்டேன்னு சொல்லியிருக்கலாம். இப்ப வித்துட்டேன்னு சொல்றானுங்க" என்றார்.

போய்விட்டார்.

திங்கட்கிழமை மிஸ்டர் சியாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். நின்றுகொண்டே சொன்னேன், அவரும் நின்றுகொண்டே கேட்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். திரும்பப் போட்டுக்கொள்ளவில்லை.

"இந்த ஆபீசில் இதுவரை எத்தனை பத்திரத்தில் நீ வாசித்ததாகக் கையெழுத்துப் போட்டிருப்பாய்?"

"நிறைய சார். எண்ணவில்லை."

"இனி அத்தனையையும் நான் சந்தேகப்படவேண்டும்" என்றார்.

மல்லிகா, நீ என்னிடம் கேட்டது இதுதான். இதைத் தவிர உனக்குச் சொல்லிக்கொடுக்க என்னிடம் வேறு பாடம் இல்லை.

பிறகு அவர் லாயராகப் பேசினார். ராஜியை ரத்து செய்யச் சொல்லிக் கோர்ட்டுக்குப் போகலாம். நான் பொய்யாக விளக்கினேன் என்று சத்தியம் செய்து எழுதிக் கொடுக்கவேண்டும். என் வேலை போகலாம், அதற்கு மேலும் ஆகலாம். சன்னாசி வாங்கிய தொகையைத் திருப்பிக் கட்டவேண்டும், வழக்கு முதலிலிருந்து நடக்கவேண்டும். "இதை நீயோ நானோ முடிவு செய்யக்கூடாது. அவரிடம் போய்ச் சொல். இந்த முறை எல்லாவற்றையும் சொல்" என்றார்.

உங்கள் அம்மாவிடம் சொன்னேன். அவள் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். நிறுத்தவில்லை. "வேல போனா போவட்டும். அந்த ஆளு தண்ணி குடிச்சப்ப உங்க மூஞ்சியப் பாத்தேன். அத தெனமும் பாத்துக்கிட்டு என்னால இருக்க முடியாது" என்றாள்.

ஆனால் நான் உடனே போகவில்லை. அடுத்த நாள் போகலாம், அதற்கடுத்த நாள் போகலாம் என்று பத்து நாள் தள்ளினேன். முதலில் காய்ச்சல் என்று சொல்லிக்கொண்டேன். கொஞ்சம் காய்ச்சல் இருந்தது உண்மை. அந்தப் பத்து நாளையும் நான் கணக்கில் சேர்த்தே சொல்கிறேன், ஏனென்றால் பஸ் ஏறித் தோட்டத்துக்குப் போனபோது லயத்தில் பேச்சாயியின் அண்ணன் மட்டும்தான் இருந்தான். கறிவேப்பிலைச் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தான்.

"மச்சான் ஊருக்குப் போயிட்டாரு கிராணியாரே. நாகப்பட்டணம் கப்பல். போயி ஆறு நாளாச்சு" என்றான். "இங்க இனி தலையெடுக்க முடியாதுன்னுட்டாரு. நாங்க எவ்வளவோ சொன்னோம்லா, மெர்டேக்கா வரப்போவுது, பொறுத்துப் பாருன்னு. கேக்கல. அந்தக் காசு மூணு பேரு டிக்கெட்டுக்கும் சரியா போச்சு."

"ஊர்ல எங்க?"

"யாருக்குத் தெரியும்? அவரு பொறந்ததே இங்கதான். அவங்கப்பா பேருள்ள ஊரு எதோ ஒண்ணு, தேடிக் கண்டுபுடிக்கணும்னாரு." பிறகு வாளியைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னான். "என் தங்கச்சி போறப்ப ஒங்களக் கும்புட்டுட்டுத்தான் போச்சு. கிராணி ஐயா இல்லன்னா கப்பலுக்கே வழியில்லன்னு."

திரும்பும் பஸ்ஸில் யாரோ மெர்டேக்கா என்று சுதந்திர தினக் கொண்டாட்டத்தைப் பற்றி உற்சாகமாகப் பேசிக்கொண்டு வந்தார்கள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

மிஸ்டர் சியா என்னை வேலையை விட்டு நீக்கவில்லை. ஆனால் ரூலரைத் தன் மேசை இழுப்பறையில் வைத்துப் பூட்டிக்கொண்டார். தமிழ்க் கட்சிக்காரர் வந்தால் வேறு ஆபீசிலிருந்து ஒரு கிராணியைக் கூலி கொடுத்து வரவழைப்பார். நான் டைப் அடித்துக்கொண்டு, பக்கத்து அறையில் இன்னொருவன் வாசிப்பதைக் கேட்டுக்கொண்டிருப்பேன். கட்சிக்காரர்கள், "என்னா கிராணியாரே, ஒங்க நாக்குல புண்ணா?" என்று கேட்பார்கள். ஒரு வருடத்துக்கு மேல் அப்படியே போயிற்று. பிறகு ஒரு காலை ரூலர் என் மேசைமேல் இருந்தது. அதன் பிறகு நான் ஓய்வு பெறும்வரை வாசித்தேன். ஒரு ஷரத்தையும் மாற்றி வைத்ததில்லை. பசியோடு வந்தவர்களுக்கும் கசப்பானதைக் கசப்பாகவே சொன்னேன். சிலர் கைநாட்டு வைக்காமல் எழுந்து போனார்கள். அவர்கள் குழந்தைகள் என்ன சாப்பிட்டார்கள் என்று எனக்குத் தெரியாது. அந்தச் சுமையும் இந்த வேலையில் உண்டு மல்லிகா, அதையும் நீ தெரிந்துகொண்டே போ.

ஒன்றை மட்டும் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை, உங்கள் அம்மாவிடம்கூட.

தோட்டத்திலிருந்து திரும்பிய அந்த வாரச் சனிக்கிழமை ஆபீஸ் அரைநாள். தெருவெல்லாம் தோரணம் கட்டிக்கொண்டிருந்தார்கள், ஏணியும் சுத்தியல் சத்தமுமாக இருந்தது. மிஸ்டர் சியா போய்விட்டார். ஜன்னல்களைச் சாத்தவேண்டியது என் வேலை. சாத்தினேன். பிறகு என் மேசையில் உட்கார்ந்து ஒரு வெள்ளைத் தாளை எடுத்தேன். மூன்றாவது ஷரத்தைத் தமிழில் உள்ளபடி எழுதினேன். அதன் கீழே சன்னாசி நம் வீட்டில் உட்கார்ந்து திருப்பிச் சொன்னதை அவர் வார்த்தையிலேயே எழுதினேன். அதற்கும் கீழே அந்த வழக்கமான வரி, உண்மையாக வாசித்து விளக்கினேன் என்பது. பேனாவைக் கையெழுத்துக்குக் கொண்டுபோனேன். போட வரவில்லை.

மை பேடைத் திறந்து என் வலது கட்டைவிரலை அழுத்தி, காகிதத்தில் வைத்து, இடமிருந்து வலமாக உருட்டினேன். என் விரல் நேரான விரல். யாரும் பிடித்துக் கொடுக்கவேண்டியிருக்கவில்லை. ரேகை ஒவ்வொரு வரியும் தெளிவாக விழுந்தது.